கீழூட்டுக் கண்ணாலம்

என்ற பையனுக்கு இன்னும் கண்ணாலம் ஆகலைங்க. பொண்ணே பாக்க ஆரம்பிக்கல. ஆனா அவன் கண்ணாலத்துக்காக ஒருத்தங்க வெள்ளிக்கிழமை தவறாம பச்சத்தண்ணி பல்லுல படாம வெரதம் இருக்காங்க. எனக்கு அவங்க சொந்தமும் இல்ல, சாதிசனமும் இல்ல. பதினோரு வருசம் எங்க கீழூட்டுல வாடகைக்கு இருந்தவங்க. இல்லாத கண்ணாலத்தை இருக்குதுன்னு சொல்லி அவங்களை ஊட்டை உட்டுத் தாட்டி உட்டவ நான்தான். இதை யாருகிட்டயாவது சொல்லாட்டி நெஞ்சு வெடிச்சுரும் போல இருக்குது, அதனால எழுதறேன்.

குன்னூர்ல எங்க ஊடு சரிவுல இருக்குது. என்ற மாமனாரு கோயமுத்தூர்ல இருந்து மளிகைக் கடை வைக்க வந்தவரு, கையில காசு சேந்ததும் இந்த எடத்தை வாங்கிக் கட்டுனாரு. மலையில கட்டற ஊடு ஒண்ணுக்குக் கீழ ஒண்ணாத்தான் எறங்கும். மேல நாங்க. எங்க சமையல்கட்டுல பாவியிருக்கற பலகைதான் கீழூட்டுக்குக் கூரை. ரோட்டுல இருந்து கீழூட்டு வாசலுக்குப் போகணும்னா சைடுல இருபத்தேழு கல்லுப் படி எறங்கணும். இடது கைப் பக்கம் பூராவும் கல்லுச் சுவரு. பாதி வழியில படி திரும்பற எடத்துல ஒரு பேரிக்காய் மரம்.

கீழூட்டுல இருந்த அக்காவும் அவங்க ஊட்டுக்காரரு அண்ணனும் சின்ன வயசுல சிலோன்ல இருந்து கப்பலேறி வந்தவங்க. ரெண்டு பேரும் எஸ்டேட்லயே ஒழைச்சு ரிட்டயர் ஆனாங்க. ஆன மறுமாசமே லயத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க, வேலை முடிஞ்சா ஊடும் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அவங்களுக்குப் புள்ள இல்ல. ஒரு தகரப் பொட்டியும் ரெண்டு சாக்கும் தூக்கிட்டு எங்க வாசல்ல வந்து நின்னப்ப என்ற பையன் பத்தாவது படிச்சிட்டிருந்தான். வந்த அன்னைக்கே அக்கா அவனைத் தம்பின்னும் என்னையத் தங்கச்சின்னும் கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. நான் கடைக்குப் போயிட்டு வர நேரமானா அவன் கீழ போயி ரொட்டியும் சம்பலும் தின்னுட்டு வயித்தைத் தடவிட்டே ஏறி வருவான்.

நாலஞ்சு வருசத்துல அண்ணனுக்குச் சக்கரை கண்ணுக்கு ஏறிப்போச்சு. பாக்காத ஆசுபத்திரி இல்ல. இனி கொஞ்சங் கொஞ்சமா கொறையும், முழுசாவே போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அன்னையிலிருந்து அந்த மனுசன் செஞ்ச வேலைய நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். வெளிச்சம் மிச்சமிருக்கறப்பவே கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, ஒரு கையைச் சுவத்துல வச்சுக்கிட்டு, அந்த இருபத்தேழு படிய ஏறி ஏறி எறங்குவாரு. எங்கயாவது தடுமாறுனா கண்ணைத் தொறந்து அந்தக் கல்லைப் பாத்து வச்சுக்குவாரு. "என்னங்கண்ணா பண்றீங்க?"ன்னு கேட்டேன். "முழுசா இருட்டுறதுக்குள்ள வீட்டைப் பாடம் பண்ணிப்புடணும் தாயி"ன்னாரு. ஒம்பதாவது படியில ஓரம் ஒடைஞ்சிருக்கு, மரம் கையில பட்டா திரும்பணும், கேட்டுல இருந்து முக்கு டீக்கடைக்கு நூத்திப் பன்னெண்டு எட்டு. எல்லாம் அவருக்கு அத்துப்படி.

கண்ணு சுத்தமா போன பொறவும் காலையில ஒருக்கா சாயங்காலம் ஒருக்கா தன்னால டீக்கடைக்குப் போவாரு. யாரையும் கையைப் புடிக்க விட மாட்டாரு. அங்க எவனாவது பேப்பர் படிச்சுச் சொல்லுவான், இவரு சத்தமா நாயம் பேசுவாரு, மலை ரயில் கூவுனதும் "கோச்சி வந்துருச்சு, நேரமாச்சு"ன்னு கெளம்பிருவாரு. குருட்டு மனுசன்னு அந்த வீதியில ஒருத்தரும் அவரைச் சொன்னதில்ல.

இப்படி இருந்தவங்களைத்தான் நான் தொரத்துனேன்.

கொரோனா ஓஞ்சதும் சனம் மலைக்கு ஏறுச்சு பாருங்க, அப்பப்பா! ஊட்டி ரோட்டுல கால் வைக்க எடமில்ல. எங்க சரிவுல ஒவ்வொரு ஊடா ஹோம்ஸ்டே ஆச்சு. ஆட்டுக் கொட்டாய்க்குச் சுண்ணாம்பு அடிச்சு உட்டவங்ககூட இருக்காங்க. பக்கத்தூட்டு அம்மா புதுசா கண்ணாடி ஜன்னல் போட்டுட்டு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏனுங்க, உங்க கீழூடு பள்ளத்தாக்கைப் பாத்து நிக்குது. அதுல போயி ரெண்டு கெழத்தைக் குடி வச்சிட்டு உக்காந்திருக்கீங்களே"ன்னு கேட்டுச்சு. எனக்கு அன்னைக்குப் புடிச்ச பித்துதான். பையன் பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலையில இருக்கான், அவன் ரூம் புக் பண்ற ஆப்ல எப்படிப் போடறதுன்னு மட்டுந்தான் சொன்னான். ஆசை என்னோடது. அதை அவன் தலையில கட்ட மாட்டேன்.

மழை விட்ட ஒரு சாயங்காலம் சமையல்கட்டுல உக்காந்து எங்கூட்டுக்காரர்கிட்டப் பேச்செடுத்தேன். அவரு ரிட்டயர்டு கிளார்க்கு, நாலு வார்த்தை பேசுனா அஞ்சாவதுக்கு மூச்சு வாங்குவாரு. "செய்யறதுன்னா உள்ளதைச் சொல்லிச் செய்யி"ன்னாரு.

"உள்ளதைச் சொன்னா அவங்க மூஞ்சில எப்படிங்க முழிக்கிறது? பையனுக்குக் கண்ணாலம், அவனுக்கு ஊடு வேணும்னு சொல்லிப்போடறேன். கண்ணாலம்னு சொன்னா யாரு எதுத்துப் பேசுவாங்க?"

அவரு காப்பி டம்ளரைக் கழுவி வச்சுட்டுப் போயிட்டாரு. நம்ம சனத்துல குடியிருக்கறவங்களைக் காலி பண்ணச் சொல்றதுக்கு இதுதான் மரியாதையான பொய். எத்தனையோ ஊட்டுல சொல்லிக் கேட்டிருக்கேன். ஒண்ணும் தப்பாத் தெரியல.

மறுநா காலையில அக்காகிட்டச் சொன்னேன். மொகம் சுண்டிப்போகும், ரெண்டு மாசம் டைம் கேப்பாங்கன்னு நெனச்சேன். அவங்க என்ற ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாங்க. "நம்ம தம்பிக்கா? கலியாணமா? ஏன் தங்கச்சி இவ்வளவு நாளாக் கதைக்கல? பொண்ணு எந்த ஊரு?"ன்னு கேட்டு, கண்ணுல தண்ணி. பொள்ளாச்சிப் பக்கம்னு ஒளறி வச்சேன். கண்ணால ஊட்டுக்கு வேலை நெறைய இருக்கும்னு அவங்களே சொல்லி இருபது நாள்ல காலி பண்ணிட்டாங்க.

அந்த இருபது நாளும் அக்கா குன்னூர் பூரா ஊடு தேடுனாங்க. கெடைக்கல. எப்படிக் கெடைக்கும்? எல்லாந்தான் ஹோம்ஸ்டே ஆயிப்போச்சே! கவர்மெண்ட் ஆசுபத்திரி நர்சு, ஸ்கூல் டீச்சர் எல்லாம் ஒத்தை ரூமுக்கு அலைஞ்சிட்டிருந்தாங்க. கடைசியில கூடலூரு தாண்டி நாடுகாணியில அவங்க கூடப்பொறந்த தம்பி ஊட்டுக்கு ஒட்டுன ஒரு சாய்ப்புக்குப் போனாங்க. அது யானை நடமாட்டம் இருக்கற காடு. கண்ணு தெரிஞ்சவனே பொழுது சாஞ்சா வெளிய காலு வைக்க மாட்டான்.

போற அன்னைக்கு அக்கா ஊடு பூராவும் கழுவி உட்டு, வாசல்ல கோலம் போட்டு, அடுப்படியில ஒரு கிண்ணம் உப்பும் ரெண்டு மஞ்சக் கெழங்கும் வச்சாங்க. புதுப்பொண்ணு வெறும் ஊட்டுக்குள்ள நொழையக் கூடாதாம். பொறவு ஒரு பித்தளைக் குடத்தை என்ற கையில குடுத்தாங்க. பாத்திரத்துல பேரு வெட்டித்தான குடுப்பாங்க. தம்பி பேரை வெட்டியிருந்தாங்க, பக்கத்துல கொஞ்சம் எடம் வெறுமையா கெடந்துச்சு. "பொண்ணு பேரு நீ சொல்லவே இல்ல தங்கச்சி. அதான் எடம் விட்டிருக்கேன். கலியாணம் முடிஞ்சதும் வெட்டிக்குங்க"ன்னாங்க.

அண்ணன் இருபத்தேழு படியையும் தனியா ஏறி, கேட்டுக்கிட்ட நின்னு, சுவத்தை ஒருக்கா தட்டிப்போட்டு ஆட்டோவுல ஏறுனாரு.

உப்பை நான் கொழம்புக்குப் போட்டுட்டேன். வேற என்ன செய்யறதாம்?

பொறவு ஊட்டை ஒடைச்சோம். கரடுமுரடான கல்லுப் படி போட்டோவுல அசிங்கமா இருக்குது, சக்கரம் வச்ச பொட்டி எறங்காதுன்னு மேஸ்திரி சொன்னாரு. கல்லைப் பேத்துட்டு அகலமா டைல்ஸ் படி கட்டுனோம், மொத்தம் பத்தொம்பது. பள்ளத்தாக்கை மறைக்குதுன்னு இடது பக்கச் சுவத்தை இடிச்சோம், அங்க கால் ஒசரத்துக்குப் பூத்தொட்டி வந்துச்சு. பேரி மரத்தையும் சாச்சாச்சு. பித்தளைக் குடத்துல காஞ்ச பூ சொருகிக் கட்டிலுக்குப் பக்கத்துல வச்சேன். காசு குடுத்துத் தங்க வந்த ஒரம்பரையெல்லாம் அதோட நின்னு போட்டோ புடிச்சாங்க. பேருக்குப் பக்கத்துல ஏன் எடம் காலியா இருக்குதுன்னு ஒருத்தரும் கேக்கல.

ஒரு சீசன் நல்லாத்தான் ஓடுச்சு. பொய் சொல்லக் கூடாது, அப்ப எனக்குக் குத்த உணர்ச்சி ஒண்ணும் பெருசா இல்லைங்க. அக்கா மாசம் ரெண்டு தடவை போன் பண்ணி "கலியாணம் எப்ப?"ன்னு கேப்பாங்க. தேதி தள்ளிப்போச்சுன்னேன். ஜாதகத்துல ஏதோ இடிக்குதுன்னேன். கடைசியில அந்தப் பொண்ணு அமையல, வேற பாக்கறோம்னு சொல்லிட்டேன். அன்னைக்குத்தான் அக்கா வெரதத்தை ஆரம்பிச்சது. அதை அவங்க சந்தோசமாச் சொன்னப்ப நான் ஆப்ல புது போட்டோ ஏத்திட்டிருந்தேன். "சரிங்கக்கா, நெட்வொர்க் இல்ல"ன்னு போனை வச்சுட்டேன்.

பொறவு அடி மேல அடி. மலைக்கு வர்றதுக்கு இ-பாஸ் வேணும்னாங்க. பாஸ் சும்மாத்தான் குடுக்கறாங்க, இருந்தாலும் சனத்துக்கு ஒரு சலிப்பு, மூணாறுப் பக்கம் வண்டியத் திருப்பிக்கிட்டாங்க. மழை ஒரு பாடா கொட்டி ரோட்டுல மண்ணு சரிஞ்சுது. டிவியில அதையே ஒம்பது தடவை காட்டுனாங்க, இருந்த புக்கிங்கும் கேன்சல். லைசென்சு இல்லாத ஊட்டைச் சீல் வைக்கறாங்கன்னு பேச்சு வந்ததும் வாசல்ல மாட்டியிருந்த போர்டை நானே கழட்டி அட்டாலியில போட்டேன். சீசன்லயே கீழூட்டுல வெளக்கு எரியல. நான் போயி ஜன்னலைத் தொறந்து, பூசணம் புடிச்ச தலகாணிய வெயில்ல போட்டு, திரும்ப மூடி வச்சுட்டு வருவேன்.

எங்க வீதியே அப்படித்தான். நேத்து வரைக்கும் வாடகைக்கு ஊடு இல்லைன்னு கதவைச் சாத்துனவங்க எல்லாம் இன்னைக்கு டூலெட் அட்டை தொங்க உடறாங்க. குடி வரத்தான் ஆளில்ல. அலைஞ்ச நர்சு அருவங்காட்டுப் பக்கம் போயிட்டா, டீச்சரு மாத்தல் வாங்கிட்டுக் கீழ எறங்கிட்டாங்க. முக்கு டீக்கடைக்காரர் என்னையப் பாத்து, "எல்லாரையும் தாட்டி உட்டுட்டு இப்ப யாருங்கக்கா எங்கிட்ட டீ குடிக்கறது? அண்ணன் இருந்தா ரெண்டு வேளையும் கடை கலகலன்னு இருக்கும்"னாரு. சுருக்குன்னுச்சு. வாயிக்கு வந்தபடி அவரைத் திட்டிப்போட்டு வந்தேன். ஊட்டுக்கு வந்து அழுதேன்.

அன்னைக்கு நானா அக்காவுக்குப் போன் போட்டேன். "அண்ணன் எப்படி இருக்காருங்க?"ன்னேன்.

"எங்க தங்கச்சி. வாசல்லயே குந்தியிருக்காரு. பொழுதன்னிக்கும் யானை. தனியா அனுப்ப ஏலாது. நடையே மறந்துட்டாரு."

அவங்களைத் திரும்பக் கூட்டியாந்துரணும்னு தோணுச்சு. பாவத்தைக் கழுவத்தான்னு பீத்திக்கலாம். காலியா கெடக்கற ஊட்டுல யாராவது இருந்தாத் தேவலைங்கற நெனப்பும் கூடவே இருந்துச்சு. ரெண்டுல எது முந்துச்சுன்னு எனக்கே தெரியல. சும்மா ஒருக்கா வந்து தலையக் காட்டிப்போட்டுப் போங்கன்னு கூப்பிட்டேன். அடுத்த வாரமே ரெண்டு பேரும் ஊட்டி போயி பஸ் மாறி வந்துட்டாங்க.

கேட்டுக்கிட்ட வந்ததும் அண்ணன் மொகத்தைப் பாக்கணுமே! அக்கா கையை உதறிட்டு, "நீ முன்னுக்குப் போ. இந்த எடத்துல எனக்கு ஆள் வேணுமாக்கும்?"னாரு. அக்கா சிரிச்சுக்கிட்டே எறங்கிக் கீழூட்டுக்குள்ள போயிட்டாங்க. நான் சொல்லியிருக்கணும். படிய மாத்திட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். அந்த மொகத்துல அப்படியொரு வெளிச்சம் இருந்துச்சு, வாயே வரல.

இடது கையை நீட்டுனாரு. சுவரு இல்ல. இன்னும் கொஞ்சம் நீட்டித் தொழாவுனாரு. எடம் தப்பிட்டோம்னு நெனச்சுக்கிட்டாரு போல, ரெண்டு எட்டு பின்னால வந்து கேட்டைத் தொட்டுப் பாத்துட்டு மறுபடியும் எறங்குனாரு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு உதடு அசையுது. புதுப் படி அகலம், பழைய அளவுக்குக் காலு எடுத்து வச்சா அதே படியிலயே திரும்ப மிதிக்குது. பதிமூணு எண்ணிட்டு எட்டாவது படியிலயே நின்னு மரத்தைத் தேடிக் கையை வீசுனாரு. நான் ஓடறதுக்குள்ள பூத்தொட்டி மேல சாஞ்சு முட்டி மடங்கி உழுந்துட்டாரு.

புடிச்சுப் படியில உக்கார வச்சேன். முட்டியில ரத்தம். "சுவரு எங்க தாயி?"ன்னாரு.

"இடிச்சுட்டோங்கண்ணா."

"பேரி மரம்?"

"வெட்டிட்டோம்."

டைல்சைத் தடவிப் பாத்தாரு. "இது வேற வீடு. இதைப் பாடம் பண்ணக் கண்ணு வேணுமே"ன்னாரு. கோவமா சொல்லல. டாக்டர் சொல்ற மாதிரிச் சொன்னாரு.

எனக்கு மனசு ஒடைஞ்சு போச்சு. "அண்ணா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கண்ணாலமே..."

"தெரியும்"னாரு. "நீங்க அன்னைக்கு சமையல்கட்டுல கதைச்சீங்க. நான் அந்தப் பலகைக்குக் கீழதான் படுத்திருந்தேன். கண்ணில்லாதவனுக்குக் காது ஒண்ணுதானே மிச்சம்."

தலையில தீயை வச்ச மாதிரி இருந்துச்சு. இத்தனை நாளும் இந்த மனுசனுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சுவத்தைத் தட்டிட்டுப் போயிருக்காரு.

"அவகிட்ட நான் சொல்லல. நீங்களும் சொல்லிப்புடாதீங்க தாயி. பொறந்த மண்ணை விட்டு வெரட்டுனாங்க, லயத்தை விட்டு வெரட்டுனாங்க. இந்த வீட்டை விட்டுத்தான் அவ சிரிச்சுக்கிட்டுப் போனா, நம்ம பிள்ளை கலியாணத்துக்கு வழி விடுறோம்னு. அதைப் புடுங்கிப்புடாதீங்க."

அதுக்குள்ள கீழ இருந்து அக்கா சத்தம். "தங்கச்சி, இங்க வா!"

அண்ணனைக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். புடிக்க உட்டாரு. உள்ள அக்கா கட்டில்கிட்ட நின்னாங்க. ஒரம்பரைக்குன்னு விரிச்ச வெள்ளைப் படுக்கை, மடிச்சு வச்ச ரெண்டு துண்டு, ரெண்டு குட்டிச் சோப்பு, ரெண்டு டம்ளர், பக்கத்துல அவங்க குடுத்த குடம். எல்லாத்தையும் ஒண்ணொண்ணா தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. "பொண்ணு அமையறதுக்கு முந்தியே ரெண்டு பேருக்கும் எல்லாம் எடுத்து வச்சிருக்கியே தங்கச்சி! எங் குடத்தையும் வச்சிருக்கியே!"ன்னு சேலைத் தலைப்பால கண்ணைத் தொடச்சாங்க. குடத்துல அந்தக் காலி எடத்தை வெரலால நீவி உட்டாங்க.

"அக்கா, நீங்க ரெண்டு பேரும் இங்கயே வந்துருங்க. மறுபடியும் சுவரு வச்சுத் தர்றேன்"ன்னேன்.

அவங்க என்னையப் பாத்துச் சிரிச்சாங்க. "உனக்குப் பைத்தியமா? நாளைக்கே தம்பிக்கு நல்ல எடம் அமைஞ்சு வந்தா எங்க இருக்கும் அந்தப் புள்ள? நாங்க வந்து குந்திக்கிட்டா அது இடைஞ்சல். அவனுக்குன்னு விட்டுட்டுப் போன வீடு தங்கச்சி இது. மறுக்கா வந்து கேக்கலாமா?"

உள்ளதைச் சொன்னா அவங்க வந்துருவாங்களா, காறித் துப்பிட்டுப் போவாங்களான்னு தெரியல. ஆனா சொன்னாத்தான் அந்த ஊடு அவங்களுக்குக் கெடைக்க வழியே உண்டு. அண்ணனைப் பாத்தேன். நான் எந்தப் பக்கம் நிக்கறேன்னு தெரியாம, ஜன்னலைப் பாத்துத் தலையை ஆட்டுனாரு, வேண்டாம்னு. நான் வாயை மூடிக்கிட்டேன். அவரு கேட்டுக்கிட்டதுக்காகத்தான் மூடுனேன்னு எங்கூட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். அதுவும் பொய்தான். அந்த நிமிசத்துல எனக்கு அது நெம்ப சவுகரியமா இருந்துச்சுங்க.

சாப்பிட்டுப்போட்டு மூணு மணி பஸ்ஸுக்குக் கெளம்புனாங்க. அண்ணன் அக்கா தோளைப் புடிச்சுக்கிட்டு ஏறுனாரு. மேல வந்ததும், "பத்தொம்பது"ன்னு தன்னால சொல்லிக்கிட்டாரு. டீக்கடைக்குப் போலாமான்னு கேட்டேன். இன்னொரு நாளைக்குன்னாரு. அக்கா மாரியம்மன் கோயில் குங்குமத்தைப் பொட்டணம் கட்டிக் குடுத்து, தம்பி வந்தா நெத்தியில வச்சு உடுன்னு சொல்லிட்டுப் போனாங்க. அது சாமி ரூம்புல அப்படியே இருக்குது. அவன் நெத்தியில வைக்க எனக்குக் கை வரல.

போன மாசம் மேஸ்திரியக் கூட்டியாந்து சுவரு வைக்கச் சொல்லிட்டேன். பழைய கல்லு நாலஞ்சு கொல்லையில கெடந்துச்சு, அதையும் சேத்து வைக்கச் சொன்னேன். யாருக்குன்னு எங்கூட்டுக்காரர் கேக்கல. கீழூடு பூட்டியேதான் இருக்குது.

நேத்து வெள்ளிக்கிழமை. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும், அக்கா போன். அண்ணன் எப்படின்னு கேட்டேன். வாசல்ல குந்தியிருக்காருன்னாங்க. குரலு கம்மிப்போயி இருந்துச்சு. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல.

"போதுங்கக்கா. இந்த வயசுல எதுக்கு இப்படி? வெரதத்தை உட்டுட்டுச் சாப்பிடுங்க. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்"ன்னேன். அழுதுட்டேன்.

"நீ ஏன் அழுவுற? பெத்தவ மனசு எனக்கு விளங்காதா?"ன்னாங்க அக்கா. "தம்பி கலியாணத்தன்னைக்கு அந்தக் கீழ் வீட்டுல வந்து வயிறு நெறையச் சாப்பிடுறேன், இரு."